கஞ்சி போடாத கோட்டு

எங்கள் அண்ணி கம்பெனிக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. கேட் வரைக்கும் போவார். அழுக்குக் கோட்டு மூட்டையை வாங்கிக்கொள்வார், துவைத்த கோட்டுப் பைகளைக் கொடுப்பார், வண்டியைத் திருப்பச் சொல்லி வந்துவிடுவார். ஆனால் உள்ளே வேலை பார்க்கிறவர்களில் யாருக்குத் தொப்பை விழ ஆரம்பித்திருக்கிறது, யார் சிகரெட்டை விட்டுவிட்டதாகப் பொய் சொல்லித் திரிகிறார், எந்தப் பெண் உண்டாகியிருக்கிறாள் என்பதெல்லாம் அவரவர் வீட்டுக்குத் தெரியும் முன்னே அண்ணிக்குத் தெரிந்துவிடும். கோட்டு சொல்லிவிடும். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. கோட்டக்கா என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

கம்பெனி என்றால் எங்களுக்கு ஒன்றுதான். காரின் இரண்டு பக்கமும் காது மாதிரி கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் முதுகில் கார் நிறத்திலேயே ஒரு மூடி இருக்கும். அந்த மூடியைச் செய்து, பெயிண்ட் அடித்து, கப்பலேற்றுகிற கம்பெனி அது. முதலாளிகள் கடலுக்கு அந்தப் பக்கம். யார், எவர், எப்படி இருப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் நினைப்பில் நாங்கள் இருக்கிறோமா என்பதும் தெரியாது. ஆனால் ஷிப்டு வேன் ஓட்டுகிறவர், ஆறு பேர் தங்கும் அறைக்கு மாடி கட்டி வாடகைக்கு விட்டவர், கேட்டுக்கு எதிரே டீ ஆற்றுகிறவர், பெட்டி அடிக்க அட்டை கொடுக்கிறவர் என்று ஒரு தெரு முழுக்க அந்தக் கம்பெனிச் சைரன் சத்தத்துக்குத்தான் எழுந்து உட்காரும்.

நான் அண்ணிக்குக் கொழுந்தன். சலவைக்கூடத்தை ஒட்டினாற்போல் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அந்தக் கம்பெனி மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை கிடையாது. "அவனுங்க என்ன நமக்கு மாமனா மச்சானா? ஒரு நாள் மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிட்டே இருப்பானுங்க, பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது என் கை, அதே கம்பெனிக்கு வேலை கேட்டுப் போகிற ஒரு பெண்ணின் சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து அண்ணன் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

அண்ணன் சிரிக்கலாம். அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. கம்பெனி வருவதற்கு முன் அவர் ஊர் நூல் ஆலையில் வேலை பார்த்தார். அந்த முதலாளி நிஜமாகவே எங்களுக்கு மாமன் முறை. கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போனவர். ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் ஆலைக்குப் பூட்டு. மாமனையும் காணோம், சம்பளத்தையும் காணோம். "சொந்தக்காரன் செஞ்சத விட அந்நியன் என்னடா செஞ்சிருவான்?" என்பார் அண்ணன். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்போது அண்ணி ஒரு ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த கம்பெனியில் பெயிண்ட் அறைக்கென்று தனிக் கோட்டு. அதைத் துவைக்க ஆள் தேடினார்கள். ஊரில் யாரும் முன்வரவில்லை, ஏனென்றால் அதற்கு ஆயிரம் நிபந்தனை. அண்ணி போய், "சொல்லிக் குடுத்தா செய்றேன்" என்றார். சொல்லிக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருக்கு நம் மொழி தெரியாது, அண்ணிக்கு அவர் மொழி தெரியாது. இரண்டு பேரும் ஒரு வாரம் கையாலேயே பேசிக்கொண்டார்கள். அந்த அம்மா எந்நேரமும் கையில் ஒட்டு டேப் சுருளோடு திரிவார். துவைத்துக் காய்ந்த கோட்டின் மேல் டேப்பை ஒட்டி, உரித்து, கறுப்பு அட்டையில் வைத்துப் பார்ப்பார். ஒரு பிசிறு, ஒரு பஞ்சு தெரிந்தாலும் அந்தக் கோட்டு மறுபடியும் தொட்டிக்குள் போகும். நாங்கள் அவருக்கு டேப்பம்மா என்று பெயர் வைத்தோம். போகும்போது அந்தக் கறுப்பு அட்டையை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பெயிண்ட் அறையில் ஒரு தூசி பறந்தால் போதும், ஈரப் பெயிண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூடி காய்ந்ததும் அது அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பி நிற்கும். அந்த மூடி குப்பைக்கு. அதனால் அந்தக் கோட்டு நூல் துணி இல்லை, வழுவழுப்பான ஒரு செயற்கைத் துணி. தலைக்கு முக்காடு வைத்து, கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே ஜிப். அதற்குச் சாதாரண சோப்பு ஆகாது. வாசனைத் திரவம் ஆகாது. வெயிலில் போடக்கூடாது, தூசி சலித்த காற்று வரும் உலர்த்தும் இயந்திரத்தில்தான் போட வேண்டும். கஞ்சி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. அந்தத் துணிக்குள் கஞ்சி இறங்காது. மேலோடு உட்கார்ந்து காய்ந்து, ஆள் கையை மடக்கினால் மாவு மாதிரி உதிரும்.

இத்தனையையும் அண்ணி சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஒன்பது பெண்களுக்கும் மனப்பாடமாக ஏற்றியிருந்தார். அவர்களில் ஒருத்தி புருஷனை இழந்தவள், இன்னொருத்தி புருஷன் இருந்தும் இல்லாதவள். ஒருத்திக்கு நாங்கள் வைத்த பெயர் பாட்டுக்காரி. தொட்டி ஓடுகிற சத்தத்துக்கு மேல் பாடுவாள், சுருதி சேராது, ஆனால் விடமாட்டாள். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் அண்ணி முதலில் டேப்பைத்தான் கையில் கொடுப்பார். "கண்ணு பொய் சொல்லும், டேப்பு சொல்லாது" என்பார். எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

போன வருஷம் ஒரு செய்தி வந்தது. கம்பெனி இன்னொரு பெயிண்ட் லைன் போடப் போகிறது, பெரிதாக. எங்கள் ஊரிலா, இல்லை வேறொரு நாட்டில் அவர்களுக்கு இருக்கும் இன்னொரு தொழிற்சாலையிலா என்று முடிவாகவில்லை. பார்த்து முடிவு செய்ய முதலாளிகள் தரப்பிலிருந்து ஆட்கள் நேரில் வருகிறார்கள். புது லைன் இங்கே வந்தால் மூன்று ஷிப்டு. அங்கே போனால் பழைய லைனும் மெல்ல மெல்ல அங்கேயே போய்விடும் என்று பெயிண்ட் அறை சூப்பர்வைசர் டீக்கடையில் சொன்னார். அவருக்கு மூக்குக்காரர் என்று பெயர். எண்ணெய்ப் பிசுக்கும் பெயிண்டுக்கு ஆகாது, தலையில் துளி எண்ணெய் வைத்துக்கொண்டு யார் உள்ளே வந்தாலும் பத்தடி தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் அன்று டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். பழைய லைன் போனால் கோட்டு போகும். கோட்டு போனால் சலவைக்கூடத்தில் ஒன்பது பேருக்கும் வேலை இல்லை.

ஊரே அலங்காரத்தில் இறங்கியது. கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். இதுவரை இல்லாத பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களைப் புதிதாக வாங்கினார், வெளிநாட்டுக்காரர்கள் என்னவோ அவர் கடையில் டீ குடிக்கத்தான் விமானம் ஏறி வருகிற மாதிரி.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பார்த்து உலர்த்தும் இயந்திரம் ஒன்றில் பெல்ட் அறுந்துவிட்டது. பக்கத்து டவுனுக்குப் போய் வாங்க வேண்டும். அண்ணனை அனுப்பினால் தப்பான அளவில்தான் வாங்கி வருவார், அது நிச்சயம். அதனால் அண்ணியே பஸ் ஏறினார். போகும்போது, "கம்பெனிக் கோட்டு எல்லாம் இன்னிக்கே போயாகணும். பார்த்துக்குங்க" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணனும் தலையை ஆட்டினார்.

அண்ணன் நல்ல மனுஷர். அதுதான் வம்பே. காய்ந்து வந்த கோட்டுகளைப் பார்த்திருக்கிறார். துவண்டு தொங்கியிருக்கின்றன. கடல் தாண்டி விருந்தாளி வருகிறார்கள், நம் பிள்ளைகள் இப்படியா கசங்கிப் போய் நிற்பது என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முக்கியமான நாளென்றால் சட்டைக்குக் கஞ்சி போட்டு, விறைப்பாகத் தேய்த்து மாட்டிக்கொண்டுதான் வெளியே போவது. மரியாதை என்றால் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கடையில் கஞ்சி மாவு வாங்கி வந்து, காய்ந்த கோட்டுகளை மறுபடி தொட்டியில் போட்டு, கடைசி அலசலில் கரைத்து ஊற்றிவிட்டார்.

பாட்டுக்காரி தடுத்திருக்கிறாள். "அண்ணே, அக்கா திட்டுவாங்க. கஞ்சி ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அது தினப்படிக்கு. நாளைக்கு விசேஷம். நான் சொல்றேன்ல, ஊத்து" என்றிருக்கிறார் இவர்.

சாயங்காலம் அண்ணி பெல்ட்டோடு வந்தபோது கோட்டெல்லாம் டேப்புகூட ஒட்டிப் பார்க்காமல் பையில் போட்டுக் கம்பெனிக்குப் போயாகிவிட்டது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் எல்லோரும் புகழ்ந்த பிறகு சொல்லி அண்ணியை அசத்தலாம் என்று காத்திருந்தாராம்.

மறுநாள் காலை நான் வழக்கம் போல் கடை திறக்கும் முன் அவர்கள் வீட்டில் டீ குடிக்கப் போனேன். அண்ணி முந்தின நாள் சலவையில் ஜிப் பழுதாகி ஒதுக்கி வைத்த ஒரு கோட்டைத் தைப்பதற்காக மடியில் எடுத்துப் போட்டார். போட்டவரின் கை அப்படியே நின்றுவிட்டது. கையால் தடவினார். இரண்டு விரலால் கசக்கினார். பிறகு எழுந்து போய் டேப்பையும் கறுப்பு அட்டையையும் எடுத்து வந்தார்.

அட்டையில் டேப்பு வெள்ளையாக இருந்தது, முகப் பவுடர் டப்பாவில் ஒட்டி எடுத்த மாதிரி.

"ஏங்க, இது என்ன?" என்றார் அண்ணி.

அண்ணன் முதலில் சிரித்தார். "நல்லா நிக்குதுல்ல?"

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்குப் போடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அண்ணி விளக்கிச் சொல்லச் சொல்ல அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மனுஷர் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. ஆலை பூட்டிய அன்றுகூட அவருக்குக் கோபம்தான் வந்தது.

"நான் கேட்டுக்குப் போறேன்" என்று அண்ணி செருப்பைத் தேடினார்.

"போய்?" என்றேன் நான்.

"போட்டுக்காதீங்கன்னு சொல்லணும்."

"அண்ணி, நில்லுங்க. கொஞ்சம் யோசிங்க. நீங்களே போய் எங்க தப்புன்னு சொன்னா, இன்னிக்கே உங்களத் தொலைச்சிருவாங்க. பேசாம இருங்க. புள்ளி விழுந்தா பெயிண்ட்டு சரியில்லம்பாங்க, மெஷின் சரியில்லம்பாங்க. கஞ்சின்னு யாருக்குத் தோணும்?"

அது தப்பான யோசனை என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். பிழைக்கிறவன் சொல்லுகிற யோசனைதான் அது.

அண்ணி என்னை முறைத்தார். "பெயிண்ட்டையும் மெஷினையும் சொல்லமாட்டாங்க தம்பி. மூக்குக்காரரைச் சொல்லுவாங்க. அவர் ஆளுங்களுக்கு வேலை தெரியலைன்னு சொல்லுவாங்க. வந்தவங்க கண்ணு முன்னாடி மூடி பூரா புள்ளி விழுந்தா லைன் எங்க வரும்? லைனே போனப்புறம் நான் எதைத் துவைக்கிறது, உங்க ஜெராக்ஸ் மெஷினையா?"

அண்ணி அந்தக் கோட்டையும் டேப்பையும் அட்டையையும் எடுத்துக்கொண்டார். அண்ணன் வண்டியை எடுத்தார், மூன்று பேரும் ஏறிக்கொண்டோம்.

கேட்டில் செக்யூரிட்டி புதுத் தொப்பியோடு நின்றார். அன்றைக்கு மட்டும் அவருக்குக் கையுறை வேறு. "கோட்டக்கா, இன்னிக்கு இங்க நிக்கவே கூடாது. விருந்தாளி கார் வந்துக்கிட்டிருக்கு" என்று கையை விரித்தார். மூக்குக்காரருக்கு போன் போட்டால் எடுக்கவில்லை, பெயிண்ட் அறைக்குப் போகிறவர்கள் போனை வெளியே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அண்ணி கெஞ்சினார். செக்யூரிட்டி மசியவில்லை. கடைசியில் அண்ணி அவர் சட்டையைக் காட்டி, "அந்தப் பட்டன் யாரு வெச்சது?" என்றார்.

"நீங்கதான்கா."

"காசு வாங்கினேனா?"

செக்யூரிட்டி முணுமுணுத்துக்கொண்டே உள் போனை எடுத்தார்.

மூக்குக்காரர் ஓடி வந்தார். அவர் போட்டிருந்த கோட்டு முழங்கையில் உடைந்து உடைந்து நின்றது. அண்ணி அவர் கைமேல் டேப்பை ஒட்டி, உரித்து, கறுப்பு அட்டையில் வைத்து நீட்டினார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே திண்டில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் துள்ளி எழுந்து, "லைனை ஸ்டார்ட் பண்ணாதீங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார்.

மேனேஜர் வெளியே வந்த அதே நேரம் விருந்தாளிகளின் காரும் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு உயரமான அம்மா. நரைத்த தலை, தட்டையான செருப்பு. பூந்தொட்டிகளை அவர் பார்க்கவே இல்லை. கையில் ஒரு கோட்டோடு கேட்டருகே நின்ற அண்ணியைத்தான் பார்த்தார். மேனேஜர், ஒன்றுமில்லை, சின்ன விஷயம், உள்ளே போகலாம் என்கிற மாதிரி கையை நீட்டினார். அந்த அம்மா நகரவில்லை. மொழிபெயர்த்துச் சொல்ல ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், அவளிடம் ஏதோ கேட்டார்.

"இவங்க யாருன்னு கேக்குறாங்க" என்றாள் அவள்.

அண்ணி நேராகவே சொன்னார். "கோட்டு துவைக்கிறவ. நாங்க தப்பு பண்ணிட்டோம். கோட்டுக்குக் கஞ்சி போட்டுட்டோம். இதப் போட்டுக்கிட்டு வேலை செஞ்சா எல்லாத்துலயும் புள்ளி விழும். பெயிண்ட் ரூம் ஆளுங்க மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க, மத்தியானத்துக்குள்ள துவைச்சுத் தர்றேன்."

மேனேஜர் பல்லைக் கடித்தார். அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கூடாதுன்னு தெரிஞ்சும் ஏன் கஞ்சி போட்டீங்கன்னு கேக்குறாங்க."

அண்ணி திரும்பி வண்டியைப் பார்த்தார். அண்ணன் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டிருந்தார். "நீங்க வர்றீங்கன்னுதான்" என்றார் அண்ணி.

அந்தப் பெண் இதை எப்படி மொழிபெயர்த்தாளோ தெரியாது. வெளிநாட்டு அம்மா சிரிக்கவில்லை. தன் சட்டைக் கழுத்தைத் தானே ஒரு முறை சரி செய்துகொண்டார்.

அன்று காலை சலவைக்கூடத்தில் நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது, யுத்தம். ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். கஞ்சியைக் கரைக்க வெந்நீரில் ஒரு ஓட்டம், அப்புறம் அலசல், மறுபடி அலசல். அண்ணி புதுப் பெல்ட்டைத் தானே மாட்டினார். ஜிப் பல்லிடுக்கில் சிக்கியிருந்த மாவை மூன்று பேர் பிரஷ் வைத்துத் தேய்த்தார்கள். என்னைக்கூட விடவில்லை, கையைக் கழுவச் சொல்லி டேப்பைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். பாட்டுக்காரி அன்று பாடவே இல்லை. நடுவில் நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அந்த உயரமான அம்மா நிற்கிறார். எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், எத்தனை வருஷமாக என்று கேட்டார். போகும்போது மேனேஜரிடம் எதையோ கேட்க, மேனேஜர் இல்லை என்று தலையாட்டினார். இவர்கள் நம் கம்பெனிச் சம்பளக் கணக்கில் இருக்கிறார்களா என்று கேட்டாராம், மொழிபெயர்த்த பெண் பிறகு சொன்னாள்.

மத்தியானம் லைன் ஓடியது. வந்த மூடிகள் கண்ணாடி மாதிரி இருந்தனவாம். மூக்குக்காரர் சாயங்காலம் டீக்கடையில் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, புது லைன் எங்கள் ஊருக்குத்தான் என்று செய்தி வந்தது. தெருவே துள்ளியது. தப்பை ஒளிக்காமல் சொன்னதால்தான் கிடைத்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் அதை நம்பவில்லை. இங்கே நிலம் மலிவு, துறைமுகம் பக்கம், அவ்வளவுதான் என்றேன். ஆனாலும் அண்ணி கடைக்கு வந்தபோது எழுந்து நின்று நாற்காலியைப் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் மேனேஜர் அண்ணியைக் கேட் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. மேஜையையே பார்த்துக்கொண்டு பேசினார். பெயிண்ட் அறையை நிறுத்த வைக்கும் அளவுக்குத் தப்பு செய்தவர்களிடம் வேலை கொடுக்கக்கூடாது, அது எல்லா நாட்டிலும் கம்பெனி வைத்திருக்கும் விதி. இனிமேல் கோட்டு நகரத்தில் இருக்கும் ஒரு பெரிய சலவை நிறுவனத்துக்குப் போகும். "நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன்மா" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "காரியம் ஆகுற வரைக்கும் அக்கா, ஆனப்புறம் யாரோவா? இவங்க வாயத் திறக்காம இருந்திருந்தா உங்க லைன் எங்கய்யா போயிருக்கும்?" என்று கத்திவிட்டேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வந்து வண்டியில் ஏறினோம். வீட்டு வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணி அவரைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் அவருக்கும் நல்லதாக இருந்திருக்கும். "நல்லதுக்குன்னுதானே செஞ்சீங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் அன்றிலிருந்து மீசையை முறுக்குவதில்லை.

இனி என்ன ஆகும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தது ஒன்று, நடந்தது வேறு. புது லைனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போர்டு மாட்டிய மறுநாளே அண்ணி தன் பெண்கள் ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார், சான்றிதழ் நகல் எடுக்க.

"உங்களுக்கு ரோஷமே இல்லையா அண்ணி?" என்றேன்.

"ரோஷம் எனக்கு இருக்கட்டும் தம்பி. இவங்க வீட்ல அடுப்பு எரியணும்ல. சீக்கிரம் எடுங்க, வரிசை நீளமாயிரும்."

பாட்டுக்காரியையும் சேர்த்து ஐந்து பேருக்குப் பெயிண்ட் அறையில் வேலை கிடைத்தது. டேப்பு பிடித்த கை என்று மூக்குக்காரரே கேட்டு வாங்கிக்கொண்டார். மற்ற நால்வரும் அண்ணியோடு இருந்துகொண்டார்கள். மூன்று ஷிப்டு ஆனதும் வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து அறைகளில் நிறைந்தார்கள். அவர்களுக்குத் துணி துவைக்க நேரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. சட்டை, கால்சட்டை, போர்வை என்று மூட்டை மூட்டையாக அண்ணியிடம் வருகிறது. சலவைக்கூடம் ஓடுகிறது. முன்பு வந்த வருமானம் இல்லை, ஆனால் ஓடுகிறது. நானும் இரண்டாவது மெஷின் வாங்கிவிட்டேன். அண்ணன் இப்போது சிரிப்பதில்லை, அதனால் என்னைக் கேலி செய்ய ஆளில்லாமல் நானே என்னைக் கேலி செய்துகொள்கிறேன்.

அந்தச் சட்டைகளுக்கெல்லாம் கஞ்சி போடலாம். அண்ணிதான் கஞ்சி மாவுப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார், ரொம்ப நாள் பிரிக்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம், ஷிப்டு விட்டு நேராகப் பாட்டுக்காரி சலவைக்கூடத்துக்கு ஓடி வந்தாள். நான் கடையைப் பூட்டிவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கைப்பையிலிருந்து எதையோ பத்திரமாக எடுத்தாள். ஒரு துண்டு டேப்பு, தூசி படாமல் கறுப்பு அட்டையில் ஒட்டிக் கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, புதுசா துவைக்கிறவங்க கோட்டுல ஒட்டி எடுத்தது. பாருங்கக்கா. நல்லாப் பாருங்க. ஏதாவது இருந்தா நான் மூக்குக்காரர்கிட்டக் காட்டுறேன். கோட்டு மறுபடி நம்மகிட்ட வந்தாலும் வரும்."

எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அண்ணன்கூட இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். சாய்த்துப் பார்த்தார், நேராகப் பார்த்தார். ஒரு பிசிறாவது இருந்து தொலையாதா என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"கழுத்துல ஒட்டிப் பார்த்தியா?"

"பார்த்தேன்கா."

"கக்கத்துல? ஜிப்பு ஓரத்துல?"

"எல்லா இடத்துலயும் ஒட்டிப் பார்த்தேன்கா."

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். "சுத்தமா இருக்குடி. நல்லாத் துவைக்கிறாங்க" என்றார். அட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்து, யாருடையதோ ஒரு போர்வையை வெளியே இழுத்து உதறினார். உதறிக்கொண்டே இருந்தார். அண்ணன் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார்.